பஞ்சவர்ணத்தோடு போன கைதட்டல்

தும்பலப்பட்டி அரசு மேல்நிலைப்பள்ளியின் ஆண்டு விழாவில் பஞ்சவர்ணத்துக்காகத் தட்டிய கைதட்டல் நிற்காமல் போன வருஷம், யோகேஸ்வரி ஒன்பது பரிசு வாங்கியிருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த ஒன்பதைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை. பேச்சு, கட்டுரை, வினாடி வினா, கோலம், கையெழுத்து, அறிவியல் கண்காட்சி, நூறு மீட்டர் ஓட்டம், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சிறந்த தொண்டர், அரையாண்டுத் தேர்வில் பள்ளியிலேயே முதலிடம் என்று அவள் மேடையில் ஏறி ஏறி இறங்கியதில் பாவாடை விளிம்பு படிக்கட்டு ஆணியில் இரண்டு முறை மாட்டிக் கிழிந்தது. எவர்சில்வர் தட்டும் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக அவள் அம்மா கொண்டுவந்த கட்டைப்பை நிறைந்து, இன்னொரு பை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

அந்தப் பள்ளியில் கைதட்டுவதற்கு ஒரு முறை உண்டு. உடற்கல்வி ஆசிரியர் காசிமாயன் சார் ஏதோ ஒரு முகாமுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த மழைத்தட்டு அது. அவர் மேடை ஓரத்தில் நின்று ஒரு விரலைக் காட்டினால் பிள்ளைகள் எல்லோரும் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், இரண்டு விரல் காட்டினால் இரண்டு விரலால், அப்படியே மூன்று நான்கு என்று ஏறி ஐந்து விரலும் சேரும்போது சிறு தூறலாக ஆரம்பித்தது தகரக் கூரை அதிரும் மழையாகக் கொட்டும். அவர் கையை மடக்கிக் காட்டினால் அத்தனையும் கப்பென்று நின்றுவிடும். மடக்கிய கையைப் பார்த்த பிறகும் தட்டுகிறவனை மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார் என்பதால் ஒருத்தனும் தட்டமாட்டான்.

பஞ்சவர்ணத்தின் பரிசு கடைசிப் பரிசு. பன்னிரண்டு வருஷமும் ஒருநாள்கூட லீவு போடாதவருக்கென்று முன்னாள் மாணவர் சங்கத்தார் அந்த வருஷம்தான் புதிதாக ஒரு பரிசு சேர்த்திருந்தார்கள். பழைய வருகைப் பதிவேடுகளையெல்லாம், ஆரம்பப் பள்ளியினுடையதையும் சேர்த்து, தூசி தட்டிப் பார்த்ததில் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே ஒரு பெயர்தான் தேறியது. அம்மை போட்டபோதுகூட வேப்பிலையோடு வந்து தனியாக உட்கார்ந்துவிட்டுப் போன பிள்ளை அவள். படிப்பில் நடுவாந்திரம், பாட்டு வராது, ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த கரட்டூரிலிருந்து தினமும் எட்டு மணி பஸ் பிடித்து வந்து சேருவது ஒன்றுதான். அவள் மேடையேறியபோது யாரும் சொல்லாமலே ஒரு விரலில் தூறல் ஆரம்பித்து, ஐந்து விரலுக்கு ஏறி, பந்தல் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் திணறியதால் காசிமாயன் சார் பின்பக்கம் ஓடியிருந்தார், கையை மடக்கிக் காட்ட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கை வலித்துத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். கைதட்டல் மட்டும் நிற்கவில்லை.

தலைமையாசிரியை நன்றியுரைக்குக் காத்திருந்து பார்த்தார், கைகள் எல்லாம் மடியில் இருந்தன, சத்தம் மட்டும் பஞ்சவர்ணத்தின் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி நடந்தபோது அதுவும் இறங்கி நடந்தது. காசிமாயன் சார் ஓடிவந்து மடக்கிய கையைக் காட்டினார், இரண்டு கையையும் மடக்கிக் காட்டினார், விசில் ஊதினார், அதை மைதானம் சுற்ற ஓடவிடுவதற்கு வழியில்லாததால் கடைசியில் விட்டுவிட்டார். நாட்டுப்பண் பாடும்போது மட்டும் மரியாதையாகத் தணிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு அவளோடு சேர்ந்து பஸ் ஏறியது.

“யாரும்மா அது, படியில நின்னு தட்றது? உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று கண்டக்டர் பழக்கத்தில் அதட்டினார். மூன்றாம் நாள் அவரே அதற்கு ஜன்னலோரமாக இடம் ஒதுக்கினார்.

ஊர் ஒரு வாரத்துக்கு அதை வேடிக்கை பார்த்தது, இரண்டாம் வாரம் வேலைக்கு வைத்துக்கொண்டது. கரட்டூர்ப் பெண்கள் அடுப்பில் உலை வைக்கும் நேரத்தைப் பஞ்சவர்ணம் தெருமுனை கடக்கும் சத்தத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். கிளி கதிரைக் கொத்தித் தின்கிறதென்று புலம்பிக்கொண்டிருந்த சோளக்காட்டுக்காரர் ஒருவர், “தாயி, இந்த வரப்பு மேல ஒரு நட நடந்துட்டுப் போம்மா” என்று கேட்டு, அவள் நடந்ததில் கிளிகள் மலையைப் பார்த்துப் போனவை திரும்பவில்லை. கூட்டம் குறைவாகச் சேர்ந்த கல்யாணங்களுக்கு அவளைத் தனியாகப் பத்திரிகை வைத்து அழைத்தார்கள், தாலி கட்டும்போது மண்டபம் நிறைந்த மாதிரி இருந்ததாம். ஒரு கட்சிக்காரர் பொதுக்கூட்ட மேடைக்குப் பின்னால் அவளை ஒரு மணி நேரம் உட்காரவைக்க முடியுமா என்று வீட்டுக்கே வந்தார், மறுநாள் எதிர்க்கட்சிக்காரரும் வந்தார். லாரி ஓட்டுநரான அவள் அப்பா இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது என்று அனுப்பிவைத்தார். துக்க வீடு இருக்கும் தெருவில் மட்டும் அவள் போகமாட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகவே வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போவாள். கைக்குழந்தைகள் ஆரம்பத்தில் அழுதன, பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூங்கமாட்டோம் என்று அழுதன.

பள்ளிக்கூடம் அதைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது, அதாவது காகிதத்தில் ஏற்றியது. வருஷக் கடைசியில் மேலதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டிய பள்ளிச் செயல்பாடுகள் அறிக்கையில், மரக்கன்று நட்டது, ரத்ததான விழிப்புணர்வு ஊர்வலம் போனது, கபடியில் வட்டார அளவில் இரண்டாமிடம் வந்தது ஆகியவற்றுக்குக் கீழே, “மாணவி ஒருவருக்குத் தொடர் கைதட்டல் (நடப்பில் உள்ளது)” என்று தலைமையாசிரியை ஒரு வரி சேர்த்தார். அது இலக்கிய மன்றச் செயல்பாட்டில் வருமா, உடற்கல்வியில் வருமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. பொதுத்தேர்வில் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொந்தரவாகும் என்பதால் அவளுக்குத் தனி அறை கேட்டு விண்ணப்பம் போனது, அதோடு கைதட்டல் விடை சொல்லிக்கொடுக்காது என்று தலைமையாசிரியை கையெழுத்திட்ட உறுதிமொழியும் போனது. வகுப்பில் சிறு தேர்வு நடக்கும்போதெல்லாம் பஞ்சவர்ணத்தை மைதானத்து வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் வினாத்தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழைக்குள் உட்கார்ந்திருப்பவளைப் போல, தனியாக உட்கார்ந்து எழுதுவாள்.

யோகேஸ்வரி வெந்துகொண்டிருந்தாள். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பாவில் கை நனைத்தவர்கள், ஒருத்தியின் ரிப்பனை மற்றவள் கட்டிக்கொண்டு போனவர்கள். யோகேஸ்வரிதான் வகுப்புத் தலைவி, யோகேஸ்வரிதான் எல்லாவற்றிலும் முதல், பஞ்சவர்ணம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அது இரண்டு பேருக்கும் சௌகரியமாகவே இருந்தது. இப்போது தன் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒன்பது மணியிலிருந்து நாலரை மணி வரைக்கும், பள்ளிக்கூடத்துக்கு வந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒருத்திக்காக ஊரே தட்டிக்கொண்டிருந்தது. தூங்கி வழிந்தாலும் தட்டியது, கணக்கைத் தப்பாகப் போட்டாலும் தட்டியது, பேன் பார்த்துக்கொண்டிருந்தாலும் தட்டியது. இப்படி ஒரு அநியாயம் எங்காவது உண்டா என்று யோகேஸ்வரி கேட்காத நாளில்லை, மனசுக்குள்தான்.

கேட்கக் கேட்க அவளுக்கு அந்தச் சத்தத்தில் ஆள் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. வளையல் குலுங்கத் தட்டுவது தலைமையாசிரியை. சோம்பலாக, மற்றவர்களுக்கு அரை நொடி பிந்தித் தட்டுவது ஆய்வக உதவியாளர். ஒருநாள் வேதியியல் வகுப்பில், அத்தனை கைகளுக்கும் நடுவே, மோதிரம் மோதிரத்தோடு இடிக்கும் டக் டக்கென்ற சத்தத்தைப் பிரித்துக் கேட்டுவிட்டாள். இரண்டு கையிலும் மோதிரம் போட்டிருப்பவர் ஊரில் ஒருவர்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டாள்.

“ஏம்மா, நான் பரிசு வாங்கையில நீ கைதட்டுனியா?”

“எங்கிட்டுத் தட்ட? ஒம்போது தடவையும் போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உன்னப் போட்டோ எடுக்கவே சரியாப் போச்சு. கையெல்லாம் விட்டுப்போச்சுடி.”

“பஞ்சுவுக்கு?”

“அதுக்குள்ள சார்ஜ் எறங்கிருச்சு. பைக்குள்ள போட்டுட்டேன்” என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி. “பாவம், அந்தப் புள்ளைக்குன்னு யாரு வந்திருந்தா? நல்லாத் தட்டுனேன்.”

யோகேஸ்வரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மேல்தட்டில் வரிசையாக வைத்திருந்த ஒன்பது பரிசுச் சாமான்களையும் எடுத்துப் பழைய துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

அதன்பிறகு அவள் செய்யாத காரியமில்லை. பஞ்சவர்ணத்தின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்து பார்த்தாள், சத்தம் நாகரிகமாக ஒதுங்கி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. அவளுடைய ரிப்பனைக் கட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், காக்காய்தான் கத்தியது. ஒருநாள் மதியம் பஞ்சவர்ணம் கை கழுவப் போயிருந்தபோது அவள் இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குழாயடிப் பக்கம் கைதட்டல் கேட்டதே தவிர, பெஞ்சில் மரக்கட்டையின் சூடு மட்டும் இருந்தது. திரும்பி வந்த பஞ்சவர்ணம் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள், தன் டப்பாவைத் திறந்து முருங்கைக்கீரைப் பொரியலில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

“இது உனக்கு வர வேண்டியதுடி யோகேஸ். எப்பிடியோ வழி மாறி எங்கிட்ட வந்துருச்சு” என்றாள். சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் கட்டியிருந்தது. “குளிக்கப் போனாலும் தட்டுது. அம்மா வஞ்சாலும் தட்டுது, அம்மாவுக்கு இன்னும் கோவம் வருது. உங்கிட்ட ஒண்ணு சொல்லவா? நீ எப்ப மேடையில ஏறுனாலும் நாந்தான் மொதல்ல ஆரம்பிப்பேன். சார் வெரல் காட்டுறதுக்கு முன்னாடியே. பெறகுதான் மத்தவய்ங்க தட்டுவாய்ங்க.”

இதைக் கேட்டு யோகேஸ்வரி கொஞ்சமாவது இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கிறாளாமே, பெரிய மகராசி என்றுதான் தோன்றியது. கீரை நன்றாகத்தான் இருந்தது, பாதியோடு வைத்துவிட்டாள்.

தினமும் காலையில் அலுவலகத்திலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துவருவதும், பெயர் வாசித்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைப்பதும் வகுப்புத் தலைவியின் வேலை. அப்படி ஒருநாள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே பக்கத்தைப் புரட்டியவள் நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருஷம் லீவு போடாத பரிசு என்றார்கள், ஆனால் பன்னிரண்டாவது வருஷம் இன்னும் முடியவில்லை. பொதுத்தேர்வு வருகிறது என்று ஆண்டு விழாவை முன்கூட்டியே நடத்தி, இன்னும் நடக்காத நாட்களுக்கும் சேர்த்துப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். பஞ்சவர்ணத்தின் பெயருக்கு நேரே பதினோரு கட்டம் காலியாக இருந்தது. இந்தப் பதினொன்றில் ஒன்றே ஒன்றில் அவள் வராமல் போனால் பரிசு பொய், பரிசு பொய் என்றால் கைதட்டலும் பொய், பொய்யான கைதட்டல் நின்றுதானே ஆக வேண்டும். யோகேஸ்வரி பதிவேட்டை மூடினாள். அன்று முழுக்க அவளுக்கு அந்தச் சத்தம் அவ்வளவாக உறைக்கவில்லை.

அவளுக்கும் அந்தக் கட்டங்களில் ஒரு பங்கு இருந்தது. தலைமையாசிரியை அறையில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கிறது, வருஷத்துக்கு ஒரு பெயராகச் சிறந்த மாணவர் பெயரை வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைப்பார்கள். பள்ளி இடிந்து விழுந்தாலும் அந்தப் பெயர் இருக்கும் என்று யோகேஸ்வரி ஆறாம் வகுப்பிலேயே முடிவு கட்டியிருந்தாள். மதிப்பெண், போட்டிகள் எல்லாவற்றிலும் அவள்தான் முன்னால். கடைசிப் பருவத்தில் அரைநாள்கூட விடுப்பு இருக்கக் கூடாது என்பது விதி. அடுத்த பிரிவு மதன்குமார் அவளுக்கு மூன்று மதிப்பெண் பின்னால், ஒரு நாள்கூட விடாமல் வந்துகொண்டு, இவளுக்கு ஒரு காய்ச்சலாவது வராதா என்று காத்துக்கொண்டிருந்தான். எதிர்பார்ப்பு எல்லோருக்கும் இருக்கிறது.

மாசித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள். விட்ட நாளை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்க வேண்டும், அது எந்தச் சனிக்கிழமை என்பதைத் தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில்தான் முடிவு செய்து சுற்றறிக்கை அனுப்பினார், நாளைக்கே. வகுப்பாசிரியை எஸ்தர் டீச்சர் அதை வாசித்தபோது தாவரவியல் தேர்வு நடந்துகொண்டிருந்தது, பஞ்சவர்ணம் வேப்பமரத்தடியில் இருந்தாள்.

“யோகேஸ்வரி, பஞ்சவர்ணத்துக்கு நீ சொல்லிரு. அவ வீட்ல இருக்கற ஒரே போனும் அவங்கப்பாவோட லாரியில போயிருமாம். மறந்துறாத.”

“சரிங்க டீச்சர்.”

மணி அடித்ததும் யோகேஸ்வரி மரத்தடிக்குப் போனாள். விடைத்தாளை வாங்கிக்கொண்டாள். பஞ்சவர்ணம் பையை மாட்டிக்கொண்டு, “நாளைக்குத் துவைக்க வேண்டிய துணி மலையாக் கெடக்கு, வாய்க்காலுக்குப் போகணும். நீ என்னடி பண்ணப்போற?” என்று கேட்டாள்.

“படிக்கணும்” என்றாள் யோகேஸ்வரி.

பஸ் வந்தது. பஞ்சவர்ணம் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். யோகேஸ்வரியும் கையாட்டினாள். பஸ்ஸும் கைதட்டலும் வளைவு திரும்பும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமை காலை அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வகுப்பு மெல்ல நிறைந்தது. பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது, மின்விசிறி சுற்றுவது கேட்டது, யாரோ பென்சில் சீவுவது கேட்டது, ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்குத் தன் மூச்சே கேட்டது. எஸ்தர் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் வாசலில், அன்றைக்குத் தாமதமாக வந்த எட்டு மணி பஸ் நின்று கிளம்பும் சத்தமும், அதைத் தொடர்ந்து தாழ்வாரத்தில் கைதட்டல் நடந்துவரும் சத்தமும் கேட்டன. கைதட்டல் தனியாக வந்தது. வேலைநாளென்று அதற்கு யார் சொன்னார்கள் என்பது தெரியாது, கண்டக்டர் அதை ஆள் இல்லாமல் பார்த்தும் வழக்கமான இடத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்து இறக்கிவிட்டிருந்தார். அது கதவைத் தாண்டி, பெஞ்சுகளுக்கு நடுவே வந்து, யோகேஸ்வரியின் பக்கத்தில் தன் இடத்தில் அமர்ந்தது.

எஸ்தர் டீச்சர் பதிவேட்டை விட்டுத் தலையைத் தூக்காதவர். பெயரை வாசிப்பார், குரல் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு ‘அ’. பஞ்சவர்ணத்தின் குரல் கேட்காது என்பதால் இந்த ஒரு மாதமாகக் கைதட்டலுக்கே கோடு போட்டுப் பழகியிருந்தார். அன்றும் “பஞ்சவர்ணம்” என்றார், பெயரைக் கேட்டதும் அது உற்சாகமாகி ஐந்து விரலுக்கு ஏறியது, கோடு போட்டார். ஆங்கில எழுத்து வரிசையில் கடைசிப் பெயர் யோகேஸ்வரியுடையது. மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்ததால் அவர்கள் குரல் எப்படியோ டீச்சர் காதுக்கு எட்டிவிடும், சத்தத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் யோகேஸ்வரிதான். தினமும் அந்தக் கடைசிப் பெயர் வரும்போது பஞ்சவர்ணம் தலையைக் குனிந்து, மூச்சை அடக்கி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள், சத்தம் தூறலாகத் தணியும். எதற்கு அப்படிச் செய்கிறாள் என்று யோகேஸ்வரி ஒருநாளும் யோசித்ததில்லை. இன்றைக்கு அமுக்க ஆளில்லை.

“யோகேஸ்வரி.”

“உள்ளேன் அம்மா.”

“யோகேஸ்வரி?”

“உள்ளேன் அம்மா! டீச்சர்! உள்ளேன் அம்மா!” என்று அவள் எழுந்து நின்று கத்தினாள். மழைக்குள் கத்தியதுபோல அது அவள் வாயோடு கரைந்தது. டீச்சர் ‘அ’ போட்டு, பதிவேட்டை மூடி, தலைமையாசிரியை கூப்பிட்ட கூட்டத்துக்கு அவசரமாக எழுந்து போய்விட்டார்.

பதிவேட்டை அலுவலகத்தில் வைக்கப் போகும் வழியில் யோகேஸ்வரி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். வராதவளுக்குக் கோடு, வந்தவளுக்கு ‘அ’. “எஸ்தர் டீச்சர் வந்துதாம்மா திருத்தணும், நான் கைவைக்க முடியாது” என்றார் எழுத்தர். மதியம் பெயர் வாசிக்கும்போது சொல்லித் திருத்திக்கொள்ளலாம், வகுப்பே சாட்சி இருக்கிறது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பக்கத்தில் கைதட்டலை வைத்துக்கொண்டு மதியச் சோறு தின்றாள்.

மதியம் மணி அடித்து எஸ்தர் டீச்சர் பேனாவைத் திறந்தபோது, பாதி நனைந்த பாவாடையோடு பஞ்சவர்ணம் வாசலில் வந்து நின்றாள். நாலு கிலோமீட்டரும் நடந்தும் ஓடியும் வந்திருந்தாள். அவளைக் கண்டதும் கைதட்டல் துள்ளி எழுந்து போய் அவள் தலைமேல் நின்றுகொண்டது.

“காலையில சத்தத்தக் காணோம், எங்கிட்டாவது சுத்தப் போயிருக்கும்னு இருந்துட்டேன் டீச்சர். வாய்க்கால்ல இருந்து வீட்டுக்கு வந்தா, உங் கைதட்டு காலையிலேயே பஸ் ஏறிப் போயிருச்சேடி, நீ இன்னும் இங்கிட்டு என்ன பண்றன்னு எங்கம்மா கேக்குது. அப்பத்தான் டீச்சர் தெரிஞ்சுச்சு” என்று அவள் சத்தத்துக்கு மேலே கூவினாள்.

“சரி சரி, உட்காரு. உனக்குக் காலையிலேயே போட்டாச்சு.”

“நான் காலையில வரல டீச்சர்.”

“கைதட்டு வந்துச்சுல்ல, அது போதும். பன்னெண்டு வருசம்டி. கெடுத்துக்காத.”

“அது வந்துச்சு டீச்சர், நான் வரலையே” என்றாள் பஞ்சவர்ணம். முன்னால் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழுகிற மாதிரி இருந்தது, அழவில்லை. “வராத நாளுக்கு எப்படி டீச்சர் கோடு போட்டுக்கறது? அடிச்சிருங்க.”

எஸ்தர் டீச்சர் கோட்டை அடித்து ‘அ’ என்று எழுதினார். கைதட்டல் நின்றது.

படிப்படியாகக் குறைந்து நிற்கவில்லை, யாரோ கையை மடக்கிக் காட்டியதுபோல ஒரேயடியாக நின்றது. வகுப்பு மொத்தமும் கூரையைப் பார்த்தது. பக்கத்து வகுப்புகளில் பாடம் நின்றது. மைதானத்தில் காசிமாயன் சார் விசிலை வாயில் வைத்தவர் அப்படியே திரும்பிப் பார்த்தார். இந்த அமைதிக்காகத்தான் யோகேஸ்வரி ஒரு மாதமாகப் பச்சைத்தண்ணீர்கூட ருசிக்காமல் கிடந்தாள், இப்போது அது வந்து அவள் காதை அடைத்தது.

பஞ்சவர்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிவேட்டைக் குனிந்து பார்த்தவள், கடைசி வரியைக் கண்டதும் முகம் மலர்ந்து திரும்பினாள். இனிமேல் கத்த வேண்டியதில்லை என்பதால் மெதுவாகவே பேசினாள். “நீயும் காலையில வரலையாடி? அதானே பாத்தேன். உனக்கும் யாரும் சொல்லலையா? உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பியா?”

வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எஸ்தர் டீச்சர் மட்டும், தான் முந்தைய நாள் சொல்லியனுப்பியது ஞாபகம் வந்து, கண்ணாடிக்கு மேலாக யோகேஸ்வரியைப் பார்த்தார். பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்டார்.

“காலையில நீ இருந்தியா, இல்லையா? கடைசிப் பருவம், தெரியும்ல?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அ’ அப்படியே இருக்கும், பலகையில் மதன்குமார் பெயர் ஏறும், பஞ்சவர்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே கதையைச் சொல்லுவாள். யோகேஸ்வரி எழுந்து நின்றாள். கறுப்புப் பலகையும் வெள்ளைப் பெயிண்டும் அவள் கண்முன்னால் நின்றன.

“இருந்தேன் டீச்சர்” என்றாள். “எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டேன்.”

அவள் குரல் அவ்வளவு தெளிவாக அந்த வகுப்பில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. டீச்சர் ‘அ’வை அடித்துக் கோடு போட்டார்.

பஞ்சவர்ணம், “ஓ” என்றாள். பிறகு அவர்கள் பெஞ்சுக்கு வந்து, மேஜைக்குள் கிடந்த தன் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு, சுவரோரத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. கைக்குழந்தைகள் இரண்டு நாள் அழுதன, கிளிகள் மலையிலிருந்து திரும்பி வந்தன, கண்டக்டர் ஜன்னலோரத்து இடத்தை ஒரு வாரம் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து பிறகு கொடுத்தார். தனி அறை விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தபோது அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

கடைசி நாள் பிரிவுபசார விழாவில் சிறந்த மாணவி யோகேஸ்வரி என்று அறிவித்தார்கள். அவள் மேடை ஏறினாள். காசிமாயன் சார் விரலைக் காட்டினார், பிள்ளைகள் தட்டினார்கள், கடைசி வரிசையில் பஞ்சவர்ணமும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டினாள், முதலில் ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். சார் கையை மடக்கினார். கேடயத்தை வாங்கிக்கொண்டு யோகேஸ்வரி ஒரு நிமிஷம் மேடையிலேயே நின்று காதைத் தீட்டிக் கேட்டாள், பிறகு படிக்கட்டில் நின்று கேட்டாள், கீழே இறங்கியும் கேட்டாள். அடுத்த பெயரை வாசிக்க வேண்டும், சீக்கிரம் போய் உட்காரும்மா என்றார்கள்.